பாடு வந்த வீடு

அத்தியாயம் 9

பொன்னேரி பஸ் பத்து மணிக்குத்தான் பழவேற்காட்டுக்கு வரும். வளர்மதி ஒன்பதேகாலுக்கே வந்து நின்றுவிட்டாள்.

நான்கு மாதம் ஆகிறது. பொன்னேரி பதிவாளர் அலுவலகத்தில் முத்துராஜுக்குப் பக்கத்தில் நின்று அவள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவளுடைய அப்பா செங்கல்வராயன் அவளிடம் பேசவில்லை. அம்மா தனக்கோடி மட்டும் வாரம் ஒரு முறை போன் செய்வாள். அவர்கள் இருக்கும் திருப்பாலைவனத்துக்கும், பழவேற்காட்டை ஒட்டி முத்துராஜ் வீடு இருக்கும் கோட்டைக்குப்பத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். நெல் விளைகிற வீட்டுக்கும் மீன் பிடிக்கிற வீட்டுக்கும் நடுவில் தூரம் வேறு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அப்பா.

"செவ்வாக்கெழம பழவேற்காடு வரேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெள்ளக்காரன் கல்லறை கீதாமே. பாக்கணும். நீ வந்து காட்டு."

"நைனா, அப்டியே வீட்டுக்கு..."

"கல்லறை பாக்க வரேன்னு சொன்னேன்." வைத்துவிட்டார்.

அறுபது வயதுவரை பக்கத்து ஊர்க் கல்லறையைப் பார்க்காதவர் இப்போது எதற்குப் பார்க்க வேண்டும்? இரண்டு நாள் யோசித்து, காரணம் தான்தான் என்று முடிவு செய்துகொண்டாள். அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவளுக்கு அது போதும்.

காலையில் கிளம்பும்போது மாமியார் கஸ்தூரியம்மாள் மீனை ஆய்ந்துகொண்டே சொல்லியிருந்தாள்: "உங்க நைனா கல்லறைய பாக்கட்டும், கோட்டைய பாக்கட்டும். பன்னெண்டு மணிக்குப் பசின்னு ஒண்ணு வரும் இல்ல? அப்ப இட்டுனு வா."

முத்துராஜ் விடியும்போதே ஏரிக்குப் போய்விட்டான். இன்று அவனுடைய முறை.

பஸ் வந்தது. அப்பா கடைசியாக இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. கையில் கறுப்பு நிறத்தில் பெரிய ஜிப் பை. சபரிமலைக்குப் போகும்போது மட்டும் பீரோ மேலிருந்து இறங்கும் பை அது.

அவள் வாங்கிக்கொண்டாள். காற்றைத் தூக்குவது போல் இருந்தது.

"எப்டி கீற?" என்று கேட்டார்.

"நல்லா கீறேன் நைனா."

அவர் அவள் கையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். காலைக்கூடக் குனிந்து பார்த்தார். சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்க்கும் பார்வை.

"எளைச்சிட்ட."

"இல்ல நைனா. ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்."

அவர் நம்பவில்லை. "கல்லறை எங்க கீது?" என்றார்.

*

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றிடம் மணல் கடிகாரம். மற்றொன்றிடம் மண்டையோடு.

செங்கல்வராயன் நின்றுவிட்டார். "இன்னா இது, வாசல்லயே இவங்கள நிக்க வச்சிக்கீறான்?"

"உன் நேரமும் ஓடிக்கினு இருக்குன்னு சொல்றாங்க நைனா."

"அத சொல்ல ரெண்டு பேரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கும் முதல் நக்கல். அதைக் கலைக்க விருப்பமில்லை.

உள்ளே காலை வைக்கும் முன் அவர் செருப்பைக் கழற்றினார்.

"நைனா, இது கோயில் இல்ல."

"படுத்துனு கீறாங்க இல்ல?"

முந்நூறு வருடத்துக்கும் மேலான கற்கள். சில, கட்டில் அளவுப் பலகைகளாகத் தரையோடு கிடந்தன. சில, சின்னக் கோபுரம் போல் எழுந்திருந்தன. கல் பலகைகளின் ஓரத்தைச் சுற்றிச் செதுக்கிய கொடிகள். மேலே கேடயமும் தொப்பியும் சிங்கமும். கீழே வரிவரியாக டச்சு எழுத்து. வளர்மதி இங்கே நான்கைந்து முறை வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வேறொரு கல் கண்ணில் படும்.

அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு வரியின் மேல் விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"வளரு, இங்க பாரு. நம்ம கோயில் சுவத்துல எழுத்து பள்ளமா இருக்கும். விரல் உள்ள போவும். இது மேடு."

"ஆமா நைனா."

"ஆமான்னா? இதுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? இவன் எழுத்த செதுக்கல. எழுத்த வுட்டுட்டு மீதிக் கல்ல எல்லாம் செதுக்கி எடுத்துக்கீறான். ஒரு எழுத்து ஒடஞ்சா போச்சு, மொத்தக் கல்லும் வீண். எவ்ளோ பொறுமை இருந்திருக்கும் அவனுக்கு!"

நான்கைந்து முறை வந்தும் அது அவளுக்குத் தோன்றவில்லை. அவளும் குனிந்து விரல் வைத்துப் பார்த்தாள். எழுத்துகளின் ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது.

அவர் கல்லுக்குக் கல் போனார். எண்களை மட்டும் வாய்விட்டுப் படித்தார். தோட்டத்தின் மூலையில் ஒரு சிறிய கல்லின் முன் நின்றார்.

"இது இன்னா? பத்தொம்பதுன்னு மட்டும் புரியுது."

"பக்கத்துல 'யாரென்'னு இருக்கு பாருங்க. அவங்க பாஷைல அதுக்கு வருஷம்னு அர்த்தம். பத்தொம்பது வயசு."

"யாருன்னு கேக்கற மாதிரி கீது."

"போன்ல போட்டுப் பாத்துத் தெரிஞ்சிக்கினேன். ஒரு வியாபாரியோட சம்சாரம் நைனா."

"பொண்ணா?" அவர் குரல் தணிந்தது. "எந்த ஊர்லேர்ந்து வந்தா?"

"அவங்க நாட்டுலேர்ந்துதான் வந்திருக்கணும். கப்பல்ல ஆறேழு மாசம் ஆவும்."

அவர் கல்லை நெருங்கிக் குனிந்தார். பிறகு, "இவ நைனா ஒரு தபாவாச்சும் வந்து பாத்துட்டுப் போனானா?" என்று கேட்டார்.

"தெரியல. கல்லுல அது இல்ல."

தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தக் கல்லின் மேலிருந்த சருகுகளைத் தட்டினார். முழுக்கச் சுத்தமாகும்வரை தட்டினார்.

*

"கோட்டை எங்க?"

"இதான் நைனா."

கண் முன்னால் முள்செடி மண்டிய பெரிய மேடு. அதைச் சுற்றி அகழி. நடுவில் எங்கோ செங்கல் தெரிந்தது. கோட்டைக்குப்பம் என்ற பெயரில் மட்டும் கோட்டை முழுசாக இருக்கிறது என்று முத்துராஜ் கிண்டல் செய்வான்.

ஆனால் செங்கல்வராயனுக்கு அகழி பிடித்துவிட்டது. ஓரமாகவே நடந்தார். "தண்ணி எப்டி வருது? ஏரியிலேர்ந்து வெட்டி வுட்டானா? மட்டம் பாத்து வெட்டிக்கீறான்யா. கரை இன்னும் ஒழுங்கா நிக்குது பாரு." ஒரு நல்ல வரப்பைப் பார்த்தால் அவருக்கு வருகிற அதே முகம்.

வேப்பமர நிழலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி. போலாமா?"

"எங்க நைனா?"

"உன் வூட்டுக்குத்தான்."

அவள் உடனே வழிகாட்டத் திரும்பினாள்.

"போயி துணிமணிய எடுத்து இந்தப் பையில போடு. ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சிடலாம்."

அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். அது ஏன் லேசாக இருந்தது என்று இப்போது தெரிந்தது.

"எதுக்கு நைனா?"

"எதுக்கா? நீதான சொன்ன? உங்கம்மாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா. நான் கொல்லையில மாட்டுக்குத் தண்ணி வச்சிக்கினு இருந்தேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

மனப்பாடம் செய்தவர் போல் ஒப்பித்தார். "'கல்யாணத்துக்கு அப்பறந்தாம்மா அவருக்குப் பாடே வந்துச்சு. மருமவ வந்தா, பாடும் வந்துச்சுன்னு அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாங்க.' சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"எம் பொண்ணு கால் வச்ச நேரந்தான் அவங்களுக்குப் பாடாமே! அத ஊரெல்லாம் வேற சொல்லுவா. நான் வரப்புல குந்திக்கினு கேட்டுக்கினு இருக்கணுமா? பத்து நாளா சோறு எறங்கல எனக்கு. பாடு படறதுக்கா உன்ன காலேஜு வரிக்கும் படிக்க வச்சேன்?"

அவர் குரல் உடைந்தது. வளர்மதி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. நிறுத்த முடியவில்லை.

"சிரிக்கிறா பாரு!"

"நைனா, யாரென்னா 'யாரு'ன்னா அர்த்தம்?"

"இல்ல. வருஷம்னு சொன்ன."

"அது மாதிரிதான். இங்க பாடுன்னா கஷ்டம் இல்ல."

"பின்ன?"

"ஏரியில ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு பேரு கீது. எந்த நாளு, எந்த எடத்துல, யாரு வலை கட்டணும்னு ஊர்க்கூட்டத்துல சீட்டு போட்டு எடுப்பாங்க. அந்த மொறைக்குப் பேருதான் பாடு. கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தான் பாட்டுல பேரு."

"பாட்டுல பேரா? பாட்டு வேற கட்டறாங்களா?"

"ஐயோ நைனா. பாடு. பாட்டுல... பாடுல!" அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவருக்கு இருவத்தெட்டு வயசு. இத்தினி வருஷம் அண்ணன் பூவரசனுக்குப் பாடு வந்தா, கூட ஆளா போனாரு. நான் வந்தப்பறந்தான் சீட்டுல அவரு பேர எழுதினாங்க. அத்தை அதத்தான் சொல்லிக்கினு கீறாங்க. கொற சொல்லல. பெருமையடிச்சிக்கிறாங்க."

அவர் அகழியைப் பார்த்தார். பிறகு ஏரி இருந்த பக்கம் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது.

"மொறைத் தண்ணி மாதிரியா?"

"அதேதான் நைனா!"

"நம்ம ஏரித் தண்ணி எனக்கு வெள்ளிக்கெழம, பூபதிக்கு சனிக்கெழம. எம் மொறையில எவனும் மடையத் தொடக்கூடாது."

"இங்கயும் தொடக்கூடாது. தொட்டா ஊரே கூடிக் கேக்கும்."

"அடிப்பாவி," என்றார். "மொறைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பத்து நாள் சோறு மிஞ்சியிருக்கும்."

உடனே முகம் மறுபடி இறுகியது. "நீ சொல்றத நான் எப்டி நம்பறது? புருசன வுட்டுக்குடுக்காம பேசற. காட்டு."

*

ஏரிக்கரையில் வெயில் தகடாக விழுந்திருந்தது. தூரத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெளிர்ச் சிவப்புக் கோடு. பூநாரைகள். அவை தின்னும் சிறிய உயிர்களிலிருந்து அந்த நிறம் சிறகுக்கு வருகிறது என்று வளர்மதி விலங்கியலில் படித்திருக்கிறாள். இங்கே வந்த பிறகுதான் அந்த நிறத்தைப் பார்த்தாள். அதேபோல், ஏரி நீரின் உப்பைக் கல்லூரியில் கருவி வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். மாமியார் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "முகத்துவாரம் தொறந்துக்கினு கீது, இறால் வரும்" என்றாள். வந்தது.

"அதோ, அங்க கழி நட்டிருக்குதே வரிசையா, அதான் அவரு எடம்."

தண்ணீரில் நீளமாக ஒரு கழி வரிசை வளைந்து போனது. நடுவில் ஒரு படகு. இரண்டு ஆட்கள் குனிந்து வலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். செங்கல்வராயன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

வேறு இரண்டு படகுகள் முகத்துவாரத்திலிருந்து வந்தன. கழி வரிசைக்கு எட்டத்தில் வரும்போதே திரும்பி, ஒரு பெரிய அரைவட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டு போயின. நேராக வந்தால் பாதி தூரம் மிச்சம்.

"ஏன் சுத்தறான்?"

"இன்னிக்கி அது அவரு தண்ணி."

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு படகுகளும் கரை சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். வேலி இல்லை, நட்ட கல் இல்லை, காவலுக்கு ஆளில்லை. "வெறும் தண்ணியில வரப்பு போட்டுக்கீறானுங்க," என்று தனக்குள் சொன்னார். அந்தக் குரல் வளர்மதிக்குத் தெரியும். கல்லறையில் எழுத்தின் மேல் விரல் ஓடியபோது வந்த குரல்.

முத்துராஜின் படகு கரையைத் தொட்டது. மாமனாரைப் பார்த்ததும் அவன் முழங்கால் தண்ணீரில் குதித்தான். கும்பிடக் கையெடுத்தான். கையெல்லாம் சேறும் செதிலும். பின்னால் மறைத்துக்கொண்டான். பின்னாலிருந்த பூவரசன் பார்க்காத மாதிரி வலையை மடித்தான்.

"வாங்க மாமா."

செங்கல்வராயன் படகுக்குள் எட்டிப் பார்த்தார். இறால்கள் குவியலாகத் துள்ளின. ஓரத்தில் வெள்ளி நிறத்தில் மடவை மீன்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பாடு எப்டி?" என்று கேட்டார்.

முத்துராஜின் முகம் முழுக்க விரிந்தது. "நல்ல பாடு மாமா."

*

வீட்டு வாசலில் மறுபடி நின்றுவிட்டார். ஏரிக்கரை வேறு. வீடு வேறு. மகளிடமிருந்து வாங்கிய பையைக் கையில் பிடித்தபடி உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார்.

கஸ்தூரியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "வாங்க சம்மந்தி. கல்லறைக்குப் போயிட்டு வர்றீங்க, கால கழுவிக்கினு வாங்க. செருப்பக் கழட்டக் கூடாதுன்னு ஏதாச்சும் விரதமா?"

"கல்லறையில கழட்டினாரு அத்தை," என்றாள் வளர்மதி. வாயை மூடியிருக்கலாம் என்று உடனே தோன்றியது.

"அப்டியா? செத்தவங்களுக்குக் கழட்டுவாரு. இருக்கறவங்களுக்கு மாட்டாரா?"

பூவரசன் மனைவி கீதா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கல்வராயன் கஸ்தூரியம்மாளை ஒரு கணம் பார்த்தார். மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. செருப்பைக் கழற்றினார். காலைக் கழுவினார். உள்ளே வந்தார்.

வளர்மதி சோறு போட்டாள். இரண்டு பருக்கை இலைக்கு வெளியே விழுந்தது. இறால் தொக்கு, மடவை மீன் குழம்பு. அவர் சாப்பிட்டார். இரண்டாவது முறை குழம்புக்கு இலையைக் காட்டினார்.

அப்போதுதான் கஸ்தூரியம்மாள் பையை ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினாள். எடைக்குத் தயாராக இருந்த கை சட்டென்று மேலே போனது.

"காலியா கீது?"

அப்பாவின் கை சோற்றில் நின்றது. முத்துராஜ் நிமிர்ந்தான். கஸ்தூரியம்மாள் பையைப் பார்த்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்தாள், சம்மந்தியின் குனிந்த தலையைப் பார்த்தாள். மீன் விற்று முப்பது வருடம் மனிதர்களின் முகத்தைப் படித்தவள்.

"நல்லதாப் போச்சு," என்றாள். "சம்மந்திக்கு இறால எதுல போட்டுக் குடுக்கறதுன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். கீதா, ஐஸ் எடுத்துனு வா."

"அது மலைக்குப் போற..." என்று தொடங்கினார் செங்கல்வராயன். நிறுத்தினார். கார்த்திகை மாதத்தில் அந்தப் பையைக் குளிக்காமல் யாரும் தொடக்கூடாது.

"இருக்கட்டும்," என்றார். "கழுவிக்கலாம்."

இலையை மடிக்கும் முன் ஒரு பிடிச் சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். "அரிசி எங்க வாங்கறீங்க?"

"கடையிலதான் சம்மந்தி."

"கொழம்பு நல்லா கீது. அரிசி சரியில்ல." எழுந்து கையைக் கழுவிக்கொண்டே முத்துராஜிடம் கேட்டார். "உனக்கு அடுத்த பாடு எப்போ?"

"இன்னும் பதினஞ்சு நாள் ஆவும் மாமா."

"அன்னிக்கி ஒரு மூட்டை எடுத்தாறேன்."

*

இரண்டு மணி பஸ் போய்விட்டிருந்தது. நாலு மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வளர்மதி திரும்பினாள். அப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மடியில் பையை நேராகப் பிடித்திருந்தார். அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டி வேட்டி நனைந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

கஸ்தூரியம்மாள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்தப் பை..."

"நான் கேட்டனா?" என்றாள் தலை நிமிராமல். "காலியா வந்துச்சு, ரொம்பிப் போச்சு. வுடு."

போன் அடித்தது. அம்மா.

வளர்மதி எடுத்தாள். தனக்கோடியின் குரல் எப்போதும்போல் வாசல்வரை கேட்டது.

"வளரு, பஸ் ஏறிட்டீங்களா? உன் ரூம கழுவி வுட்டுட்டேன். கட்டிலுக்குப் புதுப் போர்வை போட்டாச்சு. உங்க நைனா மாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான், கல்லறை பாக்கறேன்னு சொல்லியாச்சும் போயி இட்டுனு வாங்கன்னு அனுப்பி வச்சேன். நீ பாடு பட்டது போதும், இனிமே உன்ன அங்க அனுப்பறதா இல்ல நான்."

கஸ்தூரியம்மாளின் கை பாத்திரத்தில் நின்றது.

"அம்மா," என்றாள் வளர்மதி. "நைனா வந்துக்கினு இருக்காரு."

"அவரு வராரு, சரி," என்றாள் அம்மா. "நீ?"